புள்ளியோடு நகர்ந்த கோடுகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. என் கணுக்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லோரும் எல்லாமும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சந்தோஷமாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு எப்போதும் நினைப்பு. போன வாரம் ஃபோனில், நீயும் அப்பாவும் பேசிக்கிறீங்களா இல்லையா, உண்மையைச் சொல்லும்மா என்று கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டேன். பால் ஒன்றும் பொங்கவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் ஆய்வகத்தில் நடந்த கூட்டம் உனக்கு ஞாபகமிருக்கும். சூரியப்புள்ளி என்பது சூரியனிலேயே சற்றுக் குளிர்ந்த இடம், மற்ற இடத்தில் சூடு தாங்காமல் பிய்ந்துபோகிற மூலக்கூறுகள் அங்கே பிழைத்துக் கிடக்கும். அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்ததில் பதினேழு மெல்லிய கோடுகள், வனேடியம் ஆக்சைடு என்றேன் நான். குளிர்ந்த சிவப்பு நட்சத்திரங்களில் தாராளமாக இருப்பது நம் சூரியனிலும் துளி இருக்கிறதே என்று ஒரே பூரிப்பு. உலையில் அதே பொருளைக் காய்ச்சி அளக்கிற உன் அப்பா எழுந்து, அத்தனை பேர் முன்னாலும், இது சூரியனே இல்ல, நம்ம தலைக்கு மேல காத்துல இருக்கிற ஈரம் என்றார். வீட்டில் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். அன்றிலிருந்து உப்பை எடு, கதவைச் சாத்து, அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

சென்ற மாதம் சூரியனின் கிழக்கு ஓரத்தில் பெரிய புள்ளி ஒன்று எட்டிப்பார்த்தது. சூரியன் சுழல்வதால், புள்ளி வருகிற ஓரத்தில் இருக்கும்போது அதன் கோடுகள் நீலப் பக்கம் மயிரிழை நகரும், போகிற ஓரத்தில் சிவப்புப் பக்கம் நகரும். நம் காற்றின் கோடுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். கிழக்கு ஓரத்தில் படத்தகடு எடுத்துவிட்டேன், மேற்கு ஓரம் சேரப் பன்னிரண்டு நாள். இருட்டறையில் வெள்ளைக் காகிதத்தின் மேல் சூரியன் தட்டு அளவுக்கு விழுந்து கிடக்கும், அதில் புள்ளி மிதந்து போவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன், பட்டப்பகலில் விழித்துக்கொண்டே கனவு காண்பது போல. மூவாயிரத்தைந்நூறு டிகிரியைக் குளிர் என்கிற தொழிலடி நமக்கு என்று தனியாகச் சிரித்துக்கொள்வேன்.

பதினோராம் நாள் ஆய்வகத்தின் தொலைநோக்கிக் கோபுரப் படியில் சறுக்கிக் கணுக்கால் சுளுக்கிக் கட்டிலோடு கிடந்தேன். மறுநாள் விட்டால் புள்ளி அந்தப் பக்கம் போய்விடும், திரும்பி வருமா என்பது நிச்சயமில்லை. நான் யாரையும் கேட்கவில்லை. காலையில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்று, ஒளி நுழையற பிளவை எவ்வளவு அகலம் வைக்கணும், உன் நோட்டு எங்க என்றார். கோடு நகர்ந்திருந்தா நீங்கதான் தப்பு, தெரியுமில்ல என்றேன். தெரியும், மேகம் வர்றதுக்குள்ள சொல்லு என்றார். சாயங்காலம் மூக்கு நுனி சிவந்து திரும்பினார், மேகம் விலகக் காத்து நாள் முழுக்கக் கோபுர மாடியிலேயே நின்றாராம். ஆறு தகடு, ஆறும் பழுதில்லை.

கால் ஊன்ற முடிந்ததும் சேர்ந்து உட்கார்ந்து அளந்தோம். உருப்பெருக்கியில் பார்த்து நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். பதினொரு கோடுகள் நகர்ந்திருந்தன, பதினொன்றும் அவர் உலையில் எடுத்தவற்றோடு பொருந்தின. ஆறு அசையவே இல்லை, அவை நம் காற்று. அப்பா பென்சிலைக் கீழே வைத்து, அந்தக் கூட்டத்துல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றார். அந்த ஆறையும் என் பட்டியலிலிருந்து நானே அடித்தேன். கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று நேற்று சாப்பாட்டு மேஜையில் பெரிய சண்டை, உன் பெயர்தான் என்கிறார் அவர், உங்கள் பெயர்தான் என்கிறேன் நான். எத்தனை நாளாயிற்று நாங்கள் வாய் திறந்து சண்டை போட்டு!

நீங்கள் இருவரும் மனம்விட்டுப் பேசி, குறைவில்லாமல் நெடுநாள் வாழ எங்கள் ஆசி. தோள்வலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை ஒரு நாளும் விடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா