அண்ணாச்சி வந்தால் எழும்புகிறவர்

9.10.2004, சனி

காலையிலிருந்து புழுக்கம். மேகம் கூடிக் கலைந்துவிட்டது. ஊரே விதைப்புக்கு வானத்தைப் பார்க்கிறது, நான் வீட்டுக்காரர் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மதுரையில் முதுகுத்தண்டு ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து கட்டு நனைகிறது. வியர்வை என்று நினைத்தேன். இன்று தொட்டுப் பார்த்தால் பச்சைத் தண்ணீர் மாதிரி, பிசுபிசுப்பே இல்லை.

பார்க்க வருகிற கூட்டம் வேறு. ஒவ்வொருவருக்கும் எழுந்து உட்காருகிறார். "படுத்தே கெடங்களேன்" என்றால் கேட்கிற ஆளா. உட்கார்ந்ததும் தலைவலி. "தலைய ஆட்டுனா குடத்துல தண்ணி அலம்புத சத்தம் கேக்கு" என்கிறார். காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சிரித்துவிட்டேன், பாவம்.

ஆட்டுக்குத் தீவனம் சொல்லணும். நான் வேலைக்குப் போக முடியாது, சத்துணவுக்கூடச் சாவியை ஆயாவிடம் கொடுக்கணும்.

10.10, ஞாயிறு

மத்தியானம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். வாசலைப் பார்த்துச் சட்டென எழும்பினார். "அண்ணாச்சி வந்திருக்காவ. நாற்காலிய எடுத்துப் போடு."

வாசலில் வெயில்தான்.

இவருடைய அண்ணாச்சி உழவில் இடி விழுந்து போய்ச் சேர்ந்தவர். தகப்பன் இல்லாத இவரை வளர்த்து ஆளாக்கியவர். அவர் தலை தெரிந்தால் சாப்பாட்டை விட்டும் எழுந்துவிடுவார் இவர். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் வீட்டில் தம்பி பெண்டாட்டிக்கு அதுதான் முறை.

"ஏட்டி, அவிய நிக்காவல்லா!" என்று எரிந்து விழுந்தார். சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். வேன் பிடித்துக் கோவில்பட்டி.

11.10, திங்கள்

ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்தாயிற்று. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நெற்றிக்குப் பின்னால் கறுப்பாக ஒரு திட்டு. முதுகுத்தண்டுக்குள்ளும் ஒரு கறுப்புக் கோடு. "இது காத்தும்மா. ரத்தம் இல்ல, கட்டி இல்ல, வெறும் காத்து."

எனக்குப் புரிந்த அளவு: தண்டைச் சுற்றியுள்ள பையில் ஓட்டை. நீர் கசிகிறது. எழுந்து உட்கார்ந்தால் நீர் இறங்கும், அந்த இடத்துக்குக் காற்று ஏறும். மூளையை அமுக்கும். அதனால்தான் இல்லாதவர்கள் கண்ணுக்குத் தெரிவது. ரொம்ப அபூர்வமாம். அது எங்கள் வீட்டைத் தேடி வந்திருக்கிறது.

தையல் திரும்பப் போட்டார்கள். முகத்தில் ஆக்சிஜன் மூடி. தலையணை கிடையாது. "மல்லாக்கவே படுத்திருக்கட்டும். காத்து தானா கரைஞ்சிரும். உக்காந்தா இன்னும் ஏறும். அப்புறம் மதுரைக்குத்தான், மண்டையில துளை போடணும். அதுலயும் உறுதி சொல்ல முடியாதும்மா."

12.10, செவ்வாய்

எழும்பினார். மறுபடி எழும்பினார். அண்ணாச்சி கால்மாட்டில் நிற்கிறாராம். நான் நெஞ்சில் கைவைத்து அமுக்க, இவர் மூடியைப் பிய்த்துப் போட. "அவிய நிக்கும்போது நான் கெடக்கவா? மானம் போகுது." நெற்றியெல்லாம் நரம்பு. கண் மேலே செருகுகிறது.

அவரைக் கண்டால் எழும்புகிறார். எழும்பினால் காற்று ஏறுகிறது. காற்று ஏறினால் அவர் இன்னும் நன்றாகத் தெரிகிறார். இதற்கு முடிவு எங்கே.

நர்ஸ்: "கையக் கட்டிருவோம்க்கா." மாட்டேன் என்றேன். கட்டினால் இன்னும் திமிறுவார்.

பயமாக இருக்கிறது. செத்தவர்மேல் கோபம் கோபமாக வருகிறது. கூட்டிப்போகத்தான் வளர்த்தாரா?

இட்லி வாங்கினேன். பொட்டலம் பிரிக்காமல் கிடக்கிறது.

13.10, புதன்

இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

மத்தியானம். ஜன்னல் வெயில் கட்டில்வரை. இவர் முழங்கையை ஊன்றிவிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு கால்மாட்டைப் பார்த்தேன். என்ன சொல்லிக் கூப்பிட என்றுகூடப் பழக்கமில்லை.

"அத்தான், நீங்க நின்னா இவிய எந்திக்காவ. இங்கன உக்காருங்க. எங்கயும் போவாண்டாம். இவியளப் படுக்கச் சொல்லுங்க."

வாய்விட்டு, சத்தமாக. ஸ்டூலையும் இழுத்துப் போட்டேன். பக்கத்துக் கட்டில் அம்மா வாயில் கைவைத்துப் பார்த்தாள்.

இவர் கால்மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிண்ணாச்சி" என்றார். முழங்கையை எடுத்து மெல்லச் சாய்ந்தார். அப்புறம் எழும்பவே இல்லை.

அந்த ஸ்டூலில் யாரையும் உட்கார விடவில்லை. தூக்குச்சட்டியைக்கூட வைக்க விடவில்லை.

17.10, ஞாயிறு

மறுபடி ஸ்கேன். கறுப்பு நகக்கண் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. கட்டு காய்ந்திருக்கிறது. "என்னட்டி, இப்பிடி மெலிஞ்சிட்ட?" என்றார். அழுதுவிட்டேன்.

அண்ணாச்சியைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். "செத்தவியளப் பத்தி இப்பம் என்ன பேச்சு?" ஒன்றுமே நினைவில்லை.

24.10, ஞாயிறு

வீடு. நல்ல மழை. கரிசல் காலோடு வருகிறது, செருப்பு கையில். உளுந்து விதைப்புக்கு ஆள் கிடைக்கவில்லை. இவர் ஒருக்களித்துக் குறட்டை விடுகிறார். பிழைத்துவிட்டார். மனசு நிறைந்துதான் இருக்கிறது.

ஆனால் கட்டில் கால்மாட்டுக்குக் குறுக்கே நடக்க முடியவில்லை. சுற்றித்தான் போகிறேன். தலைப்பு தானாகத் தோளுக்கு ஏறுகிறது. மத்தியானம் சோறு வைக்கும்போது இரண்டு தட்டு எடுத்துவிட்டேன்.

போகவேண்டாம் என்று சொன்னவள் நான். பெரியவரைப் போங்க என்று எப்படிச் சொல்ல?