முன் சீட்டில் பல் பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

ஒரே கேப்பை இன்று நான்கு தடவை தேய்த்தேன். கடைவாய்ப் பல்லுக்கு மேலே உறை மாதிரி போடுகிற கேப். கடிமானம் மயிரிழை உயரமாக இருந்தாலும் போட்டுக்கொள்கிறவர் நாள் முழுக்க நம்மைத்தான் திட்டுவார். எங்கள் பல் லேப் முதலாளி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "விட்டுடும்மா, இன்னும் தேய்ச்சா கேப்பே இருக்காது, நம்ம கெட்ட பேருதான் இருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வீட்டுக்காரர் தன் தங்கை வீட்டுக்குப் போய் இன்றோடு பத்தொன்பது நாள். முதுகில் டிஸ்க் ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அங்கே போய்விட்டார். எங்கள் வீடு இரண்டாவது மாடி, அவள் வீடு தரைத்தளம். காரணம் சரிதான். ஆனால் அது வாயால் சொன்ன காரணம். சொல்லாத காரணம் கீழே பார்க்கிங்கில் நிற்கிறது, என் கார்.

மார்ச் 6, வியாழன்

நாத்தனார் போன் பண்ணினாள். "அண்ணி, பதினேழாம் தேதி அண்ணனுக்கு செக்கப். இவர் வெளியூர் போறார், எங்க வண்டியும் இருக்காது. டாக்ஸி சொல்லிடவா?"

"எதுக்கு டாக்ஸி? நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"உங்க வண்டியிலயா?"

"ஏன், என் வண்டிக்கு என்ன?"

"அது காரா அண்ணி? கட்டை வண்டி. அதுல உக்காந்து உக்காந்துதான் அண்ணன் முதுகு போச்சுன்னு இங்க பேசிக்கிறாங்க."

பேசிக்கிறார்களாம். யார் பேசிக்கிறது? அவள் ஒருத்திதான். அவளுக்குப் பத்து வாய்.

போனை வைத்த பிறகு உட்கார முடியவில்லை. பாத்திரம் எல்லாவற்றையும் இன்னொரு முறை கழுவினேன். அவள் சொன்னது பொய் என்றால் எனக்கு ஏன் இப்படி எரிகிறது?

மார்ச் 7, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷம் முன்பு கல்குவாரி வளைவில் ஒரு லாரி என் பக்கத்துக்கு ஏறி வந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். கார் படகு மாதிரி சாய்ந்து, ஆடி, அந்தப் பக்கம் சாய்ந்து, பள்ளத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. அவரும் உள்ளே இருந்தார். கம்பெனி போட்டுக் கொடுத்த ஷாக் அப்சார்பர் அவ்வளவு மெத்து. அடுத்த வாரமே கழற்றி எறிந்துவிட்டு, இறுக்கமான ஷாக் போட்டேன். அதற்கப்புறம் எந்த வளைவிலும் கார் இம்மி ஆடவில்லை. நானும் ஆடவில்லை.

குழியில் இறங்கினால் மட்டும் 'டங்'கென்று கேட்கும். அவரிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன், "எப்படி இருக்கு?" என்று. "பரவாயில்லை" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் பரவாயில்லைதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வீட்டில் ஊமை.

மார்ச் 8, சனி

ஷாக்கும் சஸ்பென்ஷனும் மட்டும் பார்க்கிற ஒர்க் ஷாப் ஒன்றைக் கண்டுபிடித்துப் போனேன். நடத்துகிற பையனுக்கு முப்பது வயசு இருக்கலாம். ஊரெல்லாம் அவனை ஸ்பிரிங்கு என்றுதான் கூப்பிடுகிறார்கள். நிற்கும்போதுகூடக் குதிகாலில் எம்பிக்கொண்டே நிற்கிறான்.

"மெத்தையும் வேணும், பிடியும் வேணும்ங்கிறீங்க" என்றான்.

"ஆமா. ரெண்டுல ஒண்ணுன்னு சொல்லாத."

"முழுசா ரெண்டும் கிடைக்காதுக்கா. ரெண்டுலயும் முக்கால் கிடைக்கும். திருகு வச்ச ஷாக்கு இருக்கு. எவ்வளவு இறுக்கம் வேணுமோ திருகி வச்சுக்கலாம்." அப்புறம் காருக்குள் எட்டிப் பார்த்தான். "நோயாளி எங்க உக்காருவாரு?"

"பின்னாடி."

"முன்னாடி என்னக்கா பெட்டி?"

"லேப் பெட்டி. பல்லெல்லாம் இருக்கு. காலையில கிளினிக் கிளினிக்கா இறக்கிட்டு, அப்படியே அவரை ஸ்கூல்ல விடுவேன். குலுங்கக் கூடாதுன்னு முன்னாடி வச்சு பெல்ட் போட்டிருக்கேன்."

அவன் பெட்டியைப் பார்த்தான், பின் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "வெள்ளிக்கிழமை வாங்கக்கா" என்றான்.

மார்ச் 14, வெள்ளி

போட்டாயிற்று. நான்கு சக்கரத்துக்கும் புதுசு. பின் ஷாக்கின் திருகு டிக்கியைத் திறந்தாலே கைக்கு எட்டுகிறது. ஒவ்வொரு திருப்புக்கும் ஒரு 'கிளிக்', மொத்தம் இருபத்திநாலு. "பின்னாடி பதினெட்டுல வச்சிருக்கேன்" என்று துண்டுத் தாளில் எழுதியும் கொடுத்தான்.

சாவியைக் கேட்டால் தரவில்லை. "முதல்ல நீங்க பின் சீட்டுல ஏறுங்க. நான் ஓட்டுறேன். ஒரு ரவுண்டு."

"எனக்கு எதுக்கு?"

"ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு சொல்ற குறையை நான் கேக்கறதில்லைக்கா. இங்க எல்லாருக்கும் அதான் பழக்கம்."

என் காரை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. லேப்புக்கு நேரமாகிவிட்டது என்றேன், நேரம் ஆகவில்லை. சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் குவாரி வளைவு வரை போய்ப் பார்த்தேன். பின்பக்கம் லேசாகச் சாய்கிறது. அவ்வளவு ஒன்றும் இல்லை, ஆனால் சாய்கிறது. நாளைக்கு அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு இதில் எப்படித் திரும்புவேன்?

அவன் சரியாக எண்ணியிருக்க மாட்டான். பேச்சு சுவாரஸ்யத்தில் விட்டிருப்பான். டிக்கியைத் திறந்து, திருகை இடது பக்கமாக மெத்துக்குக் கடைசி வரை கொண்டுபோய், அங்கிருந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பதினெட்டில் நிறுத்தினேன். இரண்டு பக்கமும். மறுபடி எண்ணிப் பார்த்தேன். மூன்றாவது முறையும்.

இன்னொரு தடவை வளைவுக்குப் போனேன். ஆஹா! தண்டவாளத்தில் போகிற மாதிரி. அப்பவே நினைச்சேன், அவன் எண்ணலைன்னு.

மார்ச் 17, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

தலையணையெல்லாம் வைத்துப் பின் சீட்டில் உட்காரவைத்தேன். நாத்தனார் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் ஜம்மென்று ஓட்டினேன். வளைவில் துளி சாயவில்லை. "எப்படி இருக்கு புது ஷாக்கு?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டேன். "பரவாயில்லை" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். பேசிக்கொண்டே போனேன், நான் பாட்டுக்கு.

ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தால், சட்டை முழுக்க நனைந்திருந்தது. கீழுதட்டில் பல் பதிந்த தடம். இறங்க முடியவில்லை. இரண்டு பேர் வந்து ஸ்ட்ரெச்சரில் எடுத்தார்கள்.

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்த இடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, சுற்றியிருக்கிற தசை இழுத்துக்கொண்டது, பத்து நாள் அசையாமல் படுக்க வேண்டும் என்றார். "முதல்ல டிஸ்க் போனதுக்கே வண்டிதான் காரணமா டாக்டர்?" என்று கேட்டேன். "வண்டி மட்டும் இல்லை" என்றார். மட்டும் இல்லையாம். அப்போ வண்டியும்தான்.

ஆம்புலன்ஸில்தான் திரும்பிப் போனார். நாத்தனார் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தியிருக்கலாம்டி. கத்தியிருந்தா தேவலை.

மார்ச் 18, செவ்வாய்

லேப்புக்குப் போகவில்லை. காரையும் தொடவில்லை.

மார்ச் 19, புதன்

நேரே ஒர்க் ஷாப்புக்குப் போய்க் கத்தினேன். என்ன வேலை செஞ்சிருக்க நீ, மனுஷன் சாகப் பாத்தாரு, அது இது என்று. ஸ்பிரிங்கு டிக்கியைத் திறந்து திருகைத் தொட்டுப் பார்த்தான்.

"யாருக்கா இதுல கை வச்சது?"

"நான்தான். நீ சொன்ன பதினெட்டுதான்."

"எங்கேர்ந்து எண்ணுனீங்க?"

"மெத்துலேர்ந்து."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "முழுசா இறுக்கிட்டு, அங்கேர்ந்து பின்னாடி தளர்த்திக்கிட்டே எண்ணணும்க்கா. ஷாக்குத் தொழில்ல எல்லாரும் அப்படித்தான் எண்ணுவோம். நீங்க தலைகீழா எண்ணி வச்சிருக்கீங்க. கல்லு மாதிரி ஆயிருக்கும்."

"எனக்கு நல்லாத்தானே இருந்துச்சு!"

"உங்களுக்கு இருக்கும்."

இந்த முறை அவன் சொல்வதற்கு முன்பே பின் கதவைத் திறந்து ஏறினேன். அதே இறுக்கத்தில் ஓட்டச் சொன்னேன். ஒன்பது வருஷமாக என் கார், ஒரு நாள்கூட அங்கே உட்கார்ந்ததில்லை.

அங்கிருந்து ரோடே தெரியவில்லை. முன் சீட்டின் முதுகும், அதற்கு மேல் பாதி வானமும்தான். ஓட்டுகிறவளுக்குக் குழி வருவது முன்னாடியே தெரியும், உடம்பு தானாகத் தயாராகிவிடும், பிடித்துக்கொள்ள ஸ்டியரிங் இருக்கிறது. பின்னால் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. திடீரென்று கீழேயிருந்து குத்து விழும். முதல் வேகத்தடையில் என் பல்லே ஆடியது. மூன்றாவதில், "நிறுத்துப்பா" என்று கத்திவிட்டேன். நல்ல முதுகு எனக்கு. எனக்கே இப்படி.

அங்கிருந்து பார்த்தபோதுதான், முன்னால் பெல்ட் போட்டு, துண்டு சுற்றி, சொகுசாக உட்கார்ந்திருந்த அந்தப் பெட்டி தெரிந்தது. பல்லுக்கு முன் சீட்டு, புருஷனுக்குப் பின் சீட்டு. இரண்டு வருஷம்! சீ.

நடு ரோட்டில் அழுதேன். ஸ்பிரிங்கு பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் போய்த் தண்ணீர் வாங்கி வந்தான்.

பிறகு மத்தியானம் வரை அதே வேலை. அவன் ஓட்ட, நான் பின்னால். ஒவ்வொரு கிளிக்காகத் தளர்த்தினோம். அவன் கணக்குப்படி பதினெட்டில் நிம்மதியாக இருந்தது, வளைவில் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்தது. பதினாறில் வைத்து, முன்பக்கத்தைக் கொஞ்சம் இறுக்கி, டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தோம். குவாரி வளைவில் சாய்ந்தது, ஆனால் பிடித்து நின்றது, ஆடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை போகச் சொன்னேன். அப்போதும் நின்றது.

"இன்னொண்ணு சொல்லட்டுமாக்கா? அவரை முன்னாடி உக்கார வச்சிருந்தாலே பாதி வேலை மிச்சம்."

"தெரியும்பா. வாயை மூடு."

மார்ச் 22, சனி

போனேன். நாத்தனார் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் படுத்திருந்தார். உட்காராமல் நின்றபடியே சொன்னேன், திருகியது நான்தான், தலைகீழாக எண்ணிவிட்டேன் என்று.

"பூஜ்யம் எந்தப் பக்கம்னு பாக்காமலா எண்ணுன?" என்றார் கணக்கு வாத்தியார். சிரித்தார் வேறு. சிரித்ததும் முதுகு பிடித்துக்கொண்டு முகம் சுருங்கியது.

"ஆஸ்பத்திரி போறப்ப நான் கேட்டேனே, எப்படி இருக்குன்னு. வலிக்கலைன்னீங்களே!"

"வலிக்கலைன்னு சொல்லலையே. பரவாயில்லைன்னுதான் சொன்னேன்."

"எத்தனை நாளா இந்தப் பரவாயில்லை?"

"நீ ஷாக்கு மாத்துனதுலேர்ந்து."

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ. அழத்தான் போனேன், கத்திவிட்டேன். "வாயில என்ன கொழுக்கட்டையா? ரெண்டு வருஷம் முதுகு உடைய உடைய உக்காந்திருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லல! இது பெரிய தியாகம்னு நினைப்பா? இப்ப ஊரே என்னைப் பாக்குது!"

"தியாகமும் இல்லை, மண்ணும் இல்லை." அவர் குரலும் உயர்ந்தது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் நான் கேட்காத குரல். "அந்த லாரி வந்தன்னிக்கு, அப்புறம் அரை மணி நேரம் உன் கை நடுங்குச்சு. நான் பாத்தேன். புது ஷாக்கு போட்டப்புறம்தான் பயப்படாம ஓட்டுன. எனக்கு வலி, உனக்குப் பயம். நான் எதைச் சொல்ல? ஆபரேஷனுக்கு முன்னாடி நீயும் ஒரு தடவைக்கு மேல கேக்கல."

கேட்கவில்லைதான். ஒரு கேப்பின் கடிமானத்தை நாலு தடவை சரிபார்க்கிறவள், அந்த இரண்டு வருஷத்தில் இவரை ஒரே ஒரு தடவை கேட்டேன்.

கதவருகே நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. "அண்ணன் கத்தி இப்பதான் முதல் தடவையா கேக்கறேன்" என்றாள். போய் எனக்கும் சேர்த்து டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

மார்ச் 23, ஞாயிறு

நம்ம வீட்டுக்குத் திரும்ப வருவாரா மாட்டாரா என்று நேற்று கேட்காமலே வந்துவிட்டேன். கேட்டிருக்கணும். மறுபடியும் கேக்காம வந்திருக்கேன் பாரு!

மார்ச் 29, சனி

நானே போன் பண்ணிக் கேட்டேன். "டாக்டர் மாடிப்படி ஏறலாம்னு சொல்லட்டும், வரேன்" என்றார். பிறகு, "ஆனா ஒரு கண்டிஷன். பரவாயில்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

"சொன்னா இறக்கி விட்டுடுவேன்."

ஏப்ரல் 5, சனி

வந்துவிட்டார்.

முன் சீட்டைச் சாய்த்து உட்காரவைத்தேன். பெட்டி லேப்பிலேயே இருந்தது. நாத்தனார் ஜன்னல் வழியாகக் குனிந்து, "மெதுவா அண்ணி" என்றாள்.

மெதுவாகத்தான் ஓட்டினேன். முதல் வேகத்தடையில், "ஏய், பாத்து!" என்றார். அடுத்த குழியில், "கண்ணு எங்க இருக்கு?" ஒரு பாலத்தின் இணைப்பில், "இது கொஞ்சம் குத்துச்சு, இடது பக்கம்." பிறகு, "இங்க நல்லா இருக்கு, இப்படியே போ." ஊமையாக இருந்த மனுஷன் வழியெல்லாம் வாய் மூடவில்லை. குவாரி வளைவில் மட்டும் பேசாமல் என் கையைப் பார்த்தார். கார் சாய்ந்தது, நின்றது. என் கை நடுங்கவில்லை. "ம்" என்றார்.

ஓரமாக நிறுத்திப் பின் திருகை ஒரு கிளிக் தளர்த்தினேன். இறுக்கத்திலிருந்து எண்ணி.

மாடி ஏற இருபது நிமிஷம் ஆனது. கட்டிலில் படுத்து மேலே பார்த்துவிட்டு, "இந்த ஃபேன் சத்தம் பத்து வருஷமா பிடிக்கலை" என்றார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். "வேற என்ன பிடிக்கலை?"

"இருக்கு. ஒண்ணொண்ணா சொல்றேன்."

ஏப்ரல் 20, ஞாயிறு

ஃபேன் மாற்றியாயிற்று. தலையணை மாற்றியாயிற்று. குளியலறைக் கதவை நான் அறைந்து சாத்துவது பிடிக்காதாம், சாப்பிடும்போது நான் வேலைக் கதை பேசுவது பிடிக்காதாம். ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டேன். பாதிக்கு ஒத்துக்கொண்டேன்.

இன்று காலை ஜன்னலோரமாக மெதுவாக நடந்துகொண்டிருந்தவர் திரும்பி, "நானே சொல்லிட்டிருக்கேன். உனக்கு என்ன பிடிக்கலை?" என்றார்.

உங்க தங்கச்சியை, என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

"நீங்க இல்லாத அம்பது நாளும் பிடிக்கலை. வரவே மாட்டீங்களோன்னு தினமும் பயந்தேன்."

பரவாயில்லை என்று சொல்லவில்லை அவர். "எனக்கும்தான்" என்றார்.