தவக்காலத்துக்கு முன்னால் உருளைக்கிழங்கு

நவம்பர் 18, செவ்வாய்

காலையில் தூறல், பிறகு நின்றது. பள்ளிக்கு மழை விடுமுறை. கொடைக்கானல் போய்வந்த கணக்கு டீச்சர் வாங்கித் தந்த விதைக்கிழங்கை ஒருவழியாக நட்டாயிற்று. துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்கும்படி வெட்டி, வெட்டுவாயில் சாம்பல் தடவி, நிழலில் ஆறவைத்தது. கொல்லையில், கிணற்றுக்கு மேற்கே நான்கு பார், நீளநீளமான மண்மேடுகள். மணல் நிலம். அதனால் சாணம், மக்கிய தென்னை நார், அலசிய கடற்பாசி.

பாசி தந்தது பக்கத்து வீட்டு பிலோமினா. கடலில் பாசி எடுக்கப் போகிறவள். வாய் ஓயாது.

"என்ன டீச்சர், கடல்ல கெடந்த பாசியக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கீய?"

உப்புப் போவதற்கு என்றேன்.

"நாம இருக்கதே உப்புக் காத்துல. அத எங்கன கொண்டுபோயி அலசுவீய?"

இன்னொரு வாளி இறைத்து அலசினேன்.

பேசி முடித்ததை எழுதி வைக்கிறேன். என் வீட்டுக்காரர் சேவியரின் அண்ணன் ரொசாரியோ அத்தான் முன் வீட்டில் இருக்கிறார். கொல்லை இரண்டு பேருக்கும் பொது. கோயிலுக்கு வருகிறவர்கள் தங்க அங்கே இரண்டு வாடகை அறை கட்டவேண்டும் என்கிறார். சேவியர் அண்ணனை எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. நான்தான் சொன்னேன்: இந்த ஒரு பருவம் விடுங்கள், ஒன்றும் விளையாவிட்டால் கட்டிக்கொள்ளுங்கள், விளைந்தால் கொல்லை கொல்லையாகவே இருக்கட்டும்.

"உருளைக்கிழங்கா? தங்கச்சிமடத்துலயா?" அத்தானுக்குச் சிரிப்பு. "சரித்தா. ஆனா தவக்காலத்துக்கு முன்னாடி வானம் தோண்டிறணும்."

அஸ்திவாரத்துக்கு வெட்டுகிற குழிதான் வானம். தவக்காலம் பிறந்துவிட்டால் ஈஸ்டர் வரை எங்கள் ஆட்கள் புது வேலை எதுவும் தொடங்குவதில்லை. சாம்பல் புதன் பிப்ரவரி 18. கிழங்கு அதற்குள் தயாராகிவிடும். தேதி இடிக்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

வெயில், நடுவில் ஒரு சாரல். முளைப்பு நன்றாக இருக்கிறது. இரண்டு இடம்தான் பொக்கை. பூசை முடிந்து வந்த பெண்கள் வேடிக்கை பார்க்கக் கொல்லைக்கே வந்துவிட்டார்கள். உருளைக்கிழங்குச் செடியை ஒருவரும் பார்த்ததில்லை. நானும் போன வருடம்வரை படத்தில் பார்த்ததுதான், அதைச் சொல்லவில்லை.

"தழை தளதளன்னு இருக்கே. கீரைக்கு ஆகுமா?" பிலோமினா ஒரு கொத்தைக் கிள்ளியே விட்டாள்.

"ஆகும். சாப்பிட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிரு."

கையை உதறினாள். எல்லாருக்கும் சிரிப்பு. எனக்குக் கிள்ளிய கொத்தின்மேல்தான் கவலை.

வாங்க: மாவு, முந்திரி, சேவியருக்கு வேட்டி, குடிலுக்கு பல்பு.

டிசம்பர் 21, ஞாயிறு

மண் அணைத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. விடியற்காலையில் போர்வை தேடுகிற குளிர். கிழங்கு கட்ட இந்தக் குளிர் வேண்டும். இங்கே இவ்வளவுதான் கிடைக்கும். போதும் என்றே நினைக்கிறேன்.

தண்ணீர் வாளியில் மட்டும். எங்கள் கிணற்றில் மேலே நிற்கிற மழைத்தண்ணீர்தான் நல்ல தண்ணீர், அதற்கடியில் கடல். மோட்டாரை அதிகம் ஓடவிட்டால் அடித்தண்ணீர் ஏறிவிடும். இது தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

டிசம்பர் 26, வெள்ளி

எல்லாருக்கும் தெரியும், சேவியருக்கும் தெரியும். நேற்று வீடு நிறைய விருந்தாளிகள். தொட்டி நிரப்ப மோட்டாரைப் போட்டுவிட்டு, மச்சான்களோடு உட்கார்ந்து பேச்சில் மறந்துவிட்டார். தொட்டி வழிந்து தண்ணீர் நேராக நான்காவது பாரில். நான் பார்த்தபோது செடிகள் குளத்தில் நிற்பதுபோல நின்றன. நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

சத்தம் போடவில்லை. வீட்டில் ஆட்கள். கேக் வெட்டிக் கொடுத்தேன்.

இன்று விடிந்ததும், கூரைத் தண்ணீர் பிடித்துவைத்த டிரம்மிலிருந்து சேவியரே வாளி வாளியாகச் சுமந்து பாரில் ஊற்றினார். டிரம் காலி. மணலாக இருப்பதால் உப்பு கீழே இறங்கும், கொஞ்சமாவது.

"அண்ணன்ட்ட சொல்லிராத."

"நான் எதுக்குச் சொல்றேன்?"

"இல்ல, நானே வேணும்னு செஞ்சேன்னு நெனச்சிருவாரு. அவருக்காகச் செஞ்சேன்னு."

அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்துபோனது உண்மை. ஒரு டீ போட்டுக் கொடுத்தேன்.

ஜனவரி 5, திங்கள்

பள்ளி திறந்தது. கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் எடுத்துப்போய் லேபில் வெள்ளி நைட்ரேட் இரண்டு சொட்டு. தயிர்போலத் திரண்டது. பிளஸ் டூ பெண்களுக்குப் பாடமாகவே ஆகிவிட்டது. "மிஸ், இதையா குடிக்கிறீங்க?" என்றாள் ஒருத்தி. இதை இல்லை என்றேன்.

மோட்டாருக்கு இப்போது பியூஸ் இல்லை. என் கைப்பையில் இருக்கிறது.

பிப்ரவரி 1, ஞாயிறு

பனி போய்விட்டது, பகலில் சுள்ளென்று வெயில். நான்காவது பார் போன வாரமே கருகிவிட்டது. மற்ற மூன்றும் மஞ்சள், தண்டு சாய்கிறது. முற்றினால் இப்படித்தான் ஆகும், புத்தகத்தில் இருக்கிறது. உப்பு ஏறினாலும் இப்படித்தான் ஆகும். அதுவும் புத்தகத்தில் இருக்கிறது.

பிலோமினா வேலிக்கு அந்தப் பக்கம்: "செத்துருச்சே டீச்சர். அடக்கம் என்னைக்கு?"

முதல் பாரின் ஓரத்தில், செடியைப் பிடுங்காமல் விரலை விட்டுத் தடவினேன்.

"தோமையார் ஆண்டவர் காயத்துல விட்ட மாதிரி கைய விட்டுத்தான் நம்புவீயளோ?"

"வேற எப்படி நம்பச் சொல்ற?"

விரலில் பட்டது. உருண்டையாக, கோழிமுட்டை அளவு. பக்கத்தில் இன்னொன்று. முகத்தில் ஒன்றும் காட்டாமல் மண்ணை மூடிவிட்டு எழுந்தேன். பாட்டு வந்தது, பாடவில்லை.

இரண்டிலும் மூன்றிலும் பட்டது. நான்காவதில் கை வைக்கவில்லை. பயம் என்று எழுத விருப்பம் இல்லை. வைக்கவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

பூசை முடிந்த கையோடு அத்தான் கொத்தனாருடன் வந்துவிட்டார். கொத்தனார் உத்தரகோசமங்கைக்காரர். டேப், கயிறு, சுண்ணாம்புப் பொடி எல்லாம் இருந்தது. கருகின பாருக்கு மேலேயே கோடு போட்டார்கள்.

"பேச்சு பேச்சா இருக்கணும்லத்தா?" அத்தானுக்கு என் முகத்தைப் பார்க்கச் சங்கடம். நல்ல மனுசர்தான்.

"இருக்கணும் அத்தான். தோண்டுங்க. நாலாவதுல ஆரம்பிங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. முதல் பாரைக் காட்டியிருக்கலாம்.

கொத்தனார் மண்வெட்டியை ஓங்கினார். வேண்டாம், வெட்டுப்படும், கையால் என்றேன். அவர் அத்தானைப் பார்த்தார். "அம்மா கையால தோண்டச் சொல்றாக, அண்ணாச்சி. கையால வானம் தோண்டுனா பேரன் காலத்துலதான் வீடு எந்திரிக்கும்."

அத்தானே வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தார். துழாவினார். மணல். மறுபடி மணல். சேவியர் கிணற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அத்தான் கை நின்றது. எடுத்துப் பார்த்தார். எலுமிச்சம்பழம்கூட இல்லை, அதைவிடச் சிறிசு. தோல் மெல்லிசு, மண் ஒட்டியிருந்தது. இன்னொன்று. இன்னும் இரண்டு.

"அடியாத்தீ" என்றாள் பிலோமினா. அவளும் வேலி தாண்டி வந்து உட்கார்ந்தாள்.

முதல் பாரில் கை நிறைகிற அளவு. கொத்தனாரும் உட்கார்ந்துவிட்டார். மூன்று கூடை.

அத்தான் கை கழுவிக்கொண்டு போய்விட்டார். கயிறும் முளைக்குச்சியும் அப்படியே கிடக்கின்றன.

மதியம் வறுவல். பரவாயில்லை. உப்பு நான் போட்டதுதான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

நல்லதாக ஒரு கூடை பொறுக்கிக் கோவிலுக்குக் காணிக்கை. பூசை முடிந்து முற்றத்தில் ஏலம்: ஒரு சேவல், இரண்டு தேங்காய்க் குலை, எங்கள் கூடை.

ஏலம் போடுகிறவர் கேட்டார்: "ஊட்டியா?"

"ஊட்டியுமில்ல, மேட்டுப்பாளையமுமில்ல." கூட்டத்துக்குள்ளிருந்து அத்தான் குரல். "எங்க கொல்லையில வெளஞ்சது. எந்தம்பி பெண்டாட்டி போட்டது."

யாரோ விலையை ஏற்றினார்கள். அத்தான் விடவில்லை. கூடையைத் தோளில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். வழியில் என்னிடம் ஒரே வார்த்தை: "மாடியில ஒரு ரூம் கட்டுனாப் போதும்."

சரி அத்தான் என்றேன். சேவியர் எனக்குப் பின்னால் நடந்து வந்தார். சிரித்தாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான். கொத்தனார் வரவில்லை. முளைக்குச்சியைப் பிடுங்கி அவரைப் பந்தலுக்கு வைத்துக்கொண்டேன்.

விதைக்கு எடுத்துவைத்தால் இந்த வெயிலில் அழுகும். நவம்பரில் கணக்கு டீச்சரிடம் மறுபடி சொல்லவேண்டும். டிரம் இன்னொன்று வாங்க. நாலாவது பாருக்கு மழைத்தண்ணீர் மட்டும்.