வெற்றி எனக்கு, முழங்கால் உனக்கு

சென்ற ஞாயிற்றுக்கிழமை பெடாஸ் திடலில் ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் இருந்தது. உடை மாற்றும் அறையில் ஒருவன் காலுக்குத் தேய்க்கும் சூட்டுத் தைலத்தைத் திறந்தான். நெடி மூக்கில் ஏறியதும் நான் வெளியே வந்துவிட்டேன். கண் எரிகிறது என்று சொல்லிவைத்தேன். உன் கைகள் நாள் முழுக்க அந்த வாசனையோடுதான் இருக்கும். கடையில் என் எதிரே உட்கார்ந்து ரொட்டி சானாய் பிய்க்கும்போதும் அதுதான் வீசும். "கைய கழுவிட்டு வாடா" என்பேன். "கழுவிட்டேன்லா, போக மாட்டேங்குது" என்பாய்.

நீ போய் ஓராண்டு ஆகப்போகிறது. நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

தோட்டத்துக் கால்பந்து அணியை நாம் இருவரும் ஏற்றுக்கொண்டபோது, யார் எதைப் பார்ப்பது என்று அந்தக் கடையில் உட்கார்ந்துதான் பேசினோம். பயிற்சி, உடல்தகுதி, எதிரணியை முன்கூட்டியே போய்ப் பார்த்து வருவது, எவன் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருக்கிறான் என்று கண்டுபிடிப்பது, எல்லாம் துணைப் பயிற்றுநரான உனக்கு. பதினொரு பேரைத் தேர்ந்தெடுப்பது, இடைவேளையில் பேசுவது, சங்கத்துச் செயலவையைச் சமாளிப்பது தலைமைப் பயிற்றுநரான எனக்கு. நான் இன்னும் விளக்கப் பார்த்தேன். நீ ஒரே வரியில் முடித்துவிட்டாய். "நான் உண்மைய சொல்றேன். நீ முடிவ சொல்லு."

ஒரே தோட்டப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். ஆனால் ஆட்டக்காரர்கள் முன்னால் என்னை "கோச்" என்றும் "நீங்க" என்றும்தான் அழைத்தாய். அவர்கள் எதிரில் என் முடிவை ஒருநாளும் மறுத்ததில்லை. மறுப்பதெல்லாம் உன் பழைய காருக்குள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, "அறிவு இருக்காடா உனக்கு?" என்று ஆரம்பிப்பாய். கதவைத் திறந்து இறங்கியதும், "சரி கோச், அப்படியே செஞ்சிடலாம்."

குமரனைப் பற்றியும் காருக்குள்தான் சொன்னாய். கோலா பிலாவில் அரையிறுதி ஆட்டம், அதற்கு மூன்று நாள் முன்பு. குமரன் நம் தற்காப்பின் நடுத்தூண். எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான், புதிதாகக் கல்யாணம் ஆனவன்.

"இடது முட்டி சரியில்லடா அவனுக்கு. ஒத்தக் கால்ல குதிக்கச் சொன்னேன், பயந்து பயந்து இறங்குறான். இந்த ஆட்டம் வேணாம். ரெண்டு வாரம் விடு."

"அவன் வலிக்கலன்னு சொல்றானே?"

"சொல்லுவான்லா. செமி பைனல்னா எவன் வலிக்குதுன்னு சொல்லுவான்?"

"அவன் இல்லாம நடுவுல யாரு நிப்பா? நீ நிப்பியா?"

நீ ஏற்றிய கண்ணாடியை இறக்கினாய். பிறகு, "நான் உண்மைய சொல்லிட்டேன்" என்றாய். மீதி வரியைச் சொல்லவில்லை.

நான் குமரனை இறக்கினேன். முதல் பாதியில் நாம் ஒரு கோல் போட்டோம். இரண்டாம் பாதியில் எதிரணியின் கார்னர் பந்தைத் தலையால் விலக்க அவன் எழும்பினான். விலக்கியும் விட்டான். தரையில் இறங்கியபோது அவன் கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் போயின. அவன் போட்ட சத்தத்தில் நடுவர் விசில் ஊத மறந்துபோனார். நீதான் முதலில் ஓடினாய். மீதி நேரத்தைத் தாக்குப்பிடித்து நாம் ஜெயித்தோம். என்னைத் தோளில் தூக்கினார்கள். நீ குமரனோடு ஆம்புலன்சில் இருந்தாய்.

மறுவாரம் செயலவைக் கூட்டம். முதலில் எனக்கு மாலை போட்டார்கள். அந்த மாலை கழுத்தில் இருக்கும்போதே குமரனின் மாமனார் எழுந்தார். "மருமகன் இனிமே கிளச்ச மிதிக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த முட்டியோட அவன ஆட விட்டது யாரு?"

சங்கத் தலைவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "பிட்னஸ் எல்லாம் அசிஸ்டண்ட் பாக்குற வேலைங்க."

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எத்தனையோ முறை திருப்பிப் பார்த்துவிட்டேன். பொய் இல்லாத அந்த வாக்கியத்தைத்தான் இவ்வளவு காலமாக எனக்கு நானே சாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெற்றி என்னுடையதாயிற்று, முழங்கால் உன்னுடையதாயிற்று.

நீ என்னை ஒருமுறை பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் அடுத்த வாக்கியத்தையும் சொல்வேன் என்று காத்திருந்தாய். நான் மேசையில் கிடந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். "என் தப்புதாங்க" என்று நீ எழுந்து நின்றாய். அன்றே உன்னை நீக்கினார்கள். வெளியே வந்து என்னிடம் ஒன்றுதான் சொன்னாய். "விடுடா. ரெண்டு பேரும் போயிட்டா டீம யாரு பாக்குறது?" அப்போதும் நான் உள்ளே திரும்பிப் போகவில்லை.

அதன்பிறகு மூன்று ஆண்டுகள் உன்னைத் தவிர்த்தேன். முழங்கால் பயிற்சிக்காக நீ வாரந்தோறும் குமரனைச் சிரம்பானுக்கு ஏற்றிக்கொண்டு போவது எனக்குத் தெரியும். பெடாஸ் சமிக்ஞை விளக்கில் ஒருமுறை உன் கார் என் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான் வானொலியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

பிறகு ஒரு காலையில் உன் நெஞ்சுவலிச் செய்தி வந்தது. நான் கிளம்புவதற்குள் அடுத்த செய்தியும் வந்துவிட்டது.

உன் வீட்டில் உன் மனைவி என்னைக் கண்டதும், "வாங்க கோச்" என்றார். நீ வீட்டிலும் என்னை அப்படித்தான் சொல்லியிருக்கிறாய். குமரன் நொண்டிக்கொண்டே உன் பாடைக்குத் தோள் கொடுத்தான். இப்போது அவன் லுக்குட்டில் ஒரு டயர் கடையில் கல்லாவில் உட்காருகிறான். எல்லாம் முடிந்த பிறகு என் அருகில் வந்து நின்றான்.

"பாவம் அவரு, கோச். நீங்க வேணாம்னுதான் சொன்னீங்களாம், அவருதான் ஆடட்டும்னு சொன்னாராம். கூட்டம் முடிஞ்ச அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்து என் கையப் புடிச்சு மன்னிப்பு கேட்டாரு."

நீ பொய்யே சொல்லாதவன். உண்மை சொல்வது உன் வேலை என்று நீயே எடுத்துக்கொண்டவன். என் ஆட்டக்காரன் என்மேல் வைத்திருந்த நம்பிக்கை போய்விடக் கூடாது என்று எனக்காக அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறாய்.

அன்று நான் வாயைத் திறக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் டயர் கடைக்குப் போய் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவன் கல்லாப்பெட்டி மேல் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"எட்டு மாசம் கோச். வாரா வாரம் வந்து ஏத்திட்டுப் போனாரு. போக வர, அவருகிட்ட ஒரு வார்த்த நான் பேசுனதில்ல. அவரு ஏதாவது பேசுவாரு, நான் வெளிய பாத்துக்கிட்டே வருவேன். நீங்க அப்பவே சொல்லியிருந்தா…"

முடிக்காமல் எழுந்து உள்ளே போய்விட்டான்.

முழங்காலுக்கு நான்தான் காரணம் என்பதை ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்தேன். அந்த எட்டு மாதத்து மௌனத்துக்கும் நான்தான் காரணம் என்று அன்றுதான் தெரிந்தது. அதை நீ எப்படித் தாங்கிக்கொண்டு வண்டி ஓட்டினாய்?

செயலவையிலும் சொன்னேன். "பழைய கதை, விடுங்க கோச்" என்றார் தலைவர். உன் மனைவியிடமும் சொன்னேன். அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தேநீர் போட அடுப்பில் ஏற்றியிருந்த தண்ணீரை இறக்கி வைத்துவிட்டார்.

இப்போது எனக்குத் துணையாக ஓர் உடற்கல்வி ஆசிரியை இருக்கிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை அவர், "நம்ம ஸ்ட்ரைக்கருக்குப் பின்தொடை பிடிச்சிருக்கு சார், இன்னிக்கு வேணாம்" என்றார். அவனை உட்கார வைத்தேன். இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் தலைவர் சிவந்த முகத்தோடு வந்தார். "அவன உக்கார வச்சது யாரு?" ஆசிரியை பேச வாயெடுத்தார்.

"நான்தான்" என்றேன்.

தலைவர் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தன் காரை நோக்கி நடந்தார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை, என்னை யாரும் நீக்கவில்லை, ஆசிரியை பயிற்சிக் கூம்புகளைப் பொறுக்கப் போய்விட்டார். நான் திடலின் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். ஒரே ஒரு சொல்தானடா. அன்றைக்கும் அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.