ஆறு ஆண்டுகள் முடிந்தும் நீக்கப்படாத கடன் பதிவு

அனுப்புநர்:
ஜனீன் ஓலரன்ஷா,
14, கில்ன் தெரு, மேல்தளம்,
அக்ரிங்டன், லங்காஷயர்.

பெறுநர்:
குறைதீர்ப்பாளர் அவர்கள்,
நிதிப் புகார்கள் பிரிவு,
லண்டன்.

பொருள்: கெல்டர்மோர் வசூல் நிறுவனம் என் கடன் அறிக்கையில் தவறான தேதியைப் பதிந்ததால் வீட்டுக் கடன் மறுக்கப்பட்டது – பதிவைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

1. நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளராகப் பணிபுரிகிறேன். என் கணவர் கிளைவ் கூரை வேயும் தொழில் செய்தவர். அவருடைய வேலைக்கு வேன் வாங்குவதற்காக என் பெயரில் வங்கியில் கடன் எடுத்திருந்தோம். 2017ஆம் ஆண்டு அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்ததால் நான் பாதி நேர வேலைக்கு மாறினேன். அதுவரை தவறாமல் கட்டிவந்த தவணைகள் நின்றன. 2018 செப்டம்பரில் வங்கி என்னைக் கடன் தவறியவர் என்று என் கடன் அறிக்கையில் பதிவு செய்தது. அந்தப் பதிவு நியாயமானது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

2. பிறகு வேனை விற்றோம். நூலகத்தில் இலவச ஆலோசனை தரும் தொண்டு அமைப்பின் உதவியுடன், மீதிக் கடனை மாதாமாதம் சிறு தொகையாகக் கட்டும் ஏற்பாட்டைச் செய்துகொண்டேன். இடையில், 2020இல், வங்கி அந்தக் கடனை மேற்படி கெல்டர்மோர் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. பணம் போகும் கணக்கு எண் மாறியது தவிர எனக்கு வேறெதுவும் மாறியதாகத் தெரியவில்லை. 2023 பிப்ரவரியில் கடைசித் தவணையையும் கட்டி முடித்தேன்.

3. நாங்கள் ஏன் வீடு வாங்க விரும்பினோம் என்பதைத் தாங்கள் அறிந்தால்தான் இந்தப் புகாரின் கனம் விளங்கும். 2019இல் கிளைவுக்கு வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ள மருத்துவர்கள் அனுமதி தந்தார்கள். அதற்குத் தனி அறையும், தண்ணீர்க் குழாயும், கழிவு நீர்க் குழாயும் வேண்டும். வாடகை வீட்டில் இதற்கெல்லாம் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். எங்கள் வீட்டு உரிமையாளர் திரு. என்ட்விசில், "குழாய் போட வர்றவன் சமையலறைத் தரையைப் பேத்துடாமப் பாத்துக்கோம்மா, அது போதும்" என்று சொல்லிக் கையெழுத்திட்டார். பின்னறைக்கு மருத்துவமனையின் டயாலிசிஸ் இயந்திரம் வந்தது. சில மாதங்களில் கிளைவுக்கு முகத்தில் நிறம் திரும்பியது. கூரைப் பலகைகள் விற்கும் கடையில் காலை நேர வேலையிலும் சேர்ந்தார். ஏணி ஏற முடியாவிட்டாலும் ஏணி ஏறுபவர்களுடன் பேசிக்கொண்டிருக்கலாம் என்பது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

4. 2024 வசந்தத்தில் திரு. என்ட்விசில் வீட்டை விற்கப் போவதாகத் தெரிவித்தார். "வெளியாளுக்குக் குடுக்க எனக்கு மனசில்லம்மா. நீங்களே எடுத்துக்கோங்க, விலையைக் குறைச்சுக்கறேன். ஆனா ரொம்ப நாள் இழுத்துடாதீங்க, முதியோர் இல்லத்துல என் பேரைப் பதிஞ்சாச்சு" என்றார். கடன் தவறிய பதிவு ஆறு ஆண்டுகளில் அறிக்கையிலிருந்து நீங்கிவிடும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். என் ஆறு ஆண்டுகள் அந்தச் செப்டம்பரில் முடிவதாக இருந்தன. அந்தக் காலம் முழுவதும் தொண்டு அமைப்பின் ஆலோசகர் சொன்னபடியே நடந்தேன். கடன் தருவோர் முகவரியை அதில்தான் சரிபார்ப்பார்கள் என்பதால், வாக்காளர் பட்டியலில் என் பெயர் இருப்பதை உறுதிசெய்துகொண்டேன். சிறிய வரம்புள்ள கிரெடிட் கார்டு ஒன்றை எடுத்து, ரொட்டியும் பாலும் மட்டும் வாங்கி, மாதக் கடைசியில் முழுவதையும் அடைத்தேன். குளிர்காலத்தில் ஹீட்டரை ஒரே அறையில் போட்டு முன்பணம் சேர்த்தேன். வீட்டுக் கடன் அதிகாரியும், செப்டம்பர் கழிந்ததும் விண்ணப்பிக்கலாம், தடை இராது என்றே சொன்னார்.

5. அக்டோபரில் விண்ணப்பித்தேன். மறுத்துவிட்டார்கள். காரணம் தேடி என் கடன் அறிக்கையைப் பார்த்தபோது, கெல்டர்மோர் நிறுவனம் அதே கடனுக்கு, தான் வாங்கிய நாளாகிய 2020 நவம்பரை நான் தவறிய நாளாகப் பதிந்திருப்பது தெரிந்தது. கடன் கைமாறினாலும் தவறிய தேதி மாறக்கூடாது என்பதே விதி. அவர்கள் பதிவின்படி நான் 2026 நவம்பர் வரை கடன் தவறியவளாகவே இருப்பேன். கட்டி முடித்த கடனுக்கு.

6. உடனே அந்நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். அழைப்பை எடுத்த பெண் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, பழைய தேதிதான் இருக்கணும். இது எங்க பக்கத் தப்புதான். நான் குறிச்சு வைக்கிறேன், ஆனா மாத்துறது என் கையில இல்லைங்க" என்றார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பின்னர் எழுத்தில் கேட்டபோது, அப்படியோர் உரையாடலுக்குப் பதிவே இல்லை என்று நிறுவனம் பதில் தந்தது. என் புகாருக்கு இறுதிப் பதில் கடந்த ஏப்ரலில்தான் வந்தது. தேதி சரியானதே என்றும், எனக்கு ஏற்பட்ட மனவருத்தத்தைக் கருதி எழுபத்தைந்து பவுண்டு தருவதாகவும், அதைப் பெற்றுக்கொண்டால் புகார் முடிந்ததாகக் கொள்ளப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். அக்கடிதத்துடன் வந்த காசோலையை நான் வங்கியில் போடவில்லை. இத்துடன் இணைத்துள்ளேன்.

7. திரு. என்ட்விசில் ஜனவரி வரை பொறுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டை வாங்கியவர்கள் மார்ச்சில் குடிவந்தார்கள். இயந்திரத்தைக் கழற்ற மருத்துவமனையிலிருந்து இருவர் வந்தபோது கிளைவே அவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். கழற்றி முடிக்கும்வரை வாசலில் நின்று, அவர்கள் வந்த வேனின் கதவைப் பிடித்துக்கொண்டார். இப்போது குடியிருக்கும் மேல்தள வீட்டின் உரிமையாளர், "கீழ்வீட்டுக்கு ஒழுகினா யாரு பதில் சொல்றது? குழாய் கிழாய்னு எதுவும் கூடாது" என்று சொல்லிவிட்டார். அவருக்கும் அவர் நியாயம் இருக்கிறது. கிளைவ் மறுபடியும் வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனை வண்டிக்குக் காத்திருக்கிறார். கடை வேலை போய்விட்டது. சென்ற வாரம் மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "ஊர்ல பாதிக் கூரை நான் போட்டது, ஜனீன். சொந்த வீட்டுப் படி ஏற முடியல பாரு" என்றார். சொந்த வீடு இல்லை என்று நான் திருத்தவில்லை.

8. எனவே தாங்கள் விசாரித்து,

அ) என் கடன் தவறிய தேதி 2018 செப்டம்பர் என்று திருத்தி, காலம் முடிந்த அப்பதிவை நீக்குமாறு கெல்டர்மோர் நிறுவனத்துக்கு உத்தரவிட வேண்டுகிறேன்.

ஆ) தவறு அவர்களுடையதே என்று எழுத்தில் எனக்குத் தர வேண்டும். அடுத்த விண்ணப்பத்தின்போது நான் வங்கியில் காட்டுவதற்கு அது தேவை.

இ) அவர்கள் மொத்தமாக வாங்கிய கடன்களில் இதே தவறான தேதி வேறு எத்தனை பேர் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நான் ஒருத்தி மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

போன வீடு திரும்பாது என்பது எனக்குத் தெரியும். அதற்கு ஈடாக எதையும் நான் கேட்கவில்லை. பின்னறை உள்ள வேறொரு வீடு, எவ்வளவு சிறியதாயினும், கிளைவின் உடம்பு தாங்கும் காலத்துக்குள் கிடைக்க வேண்டும் என்பதே என் அவசரம். மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் அவர் பெயர் இல்லை. இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இந்த மனுவை நான் எழுதுவது என் கணவருக்குத் தெரியாது. "விட்டுடு ஜனீன், இதுக்கு மேல கேட்டு என்ன ஆகப்போகுது" என்று அவர் சொல்லிவிட்டார். ஆகவே தங்கள் பதிலை மேற்கண்ட முகவரிக்கு அனுப்பாமல், இணைப்பில் உள்ள பல் மருத்துவமனை முகவரிக்கு என் பெயரிட்டு அனுப்பப் பணிவுடன் வேண்டுகிறேன். பதில் நல்லதாக இருந்தால் நானே வீட்டுக்கு எடுத்துச் சென்று அவரிடம் படித்துக் காட்டுவேன்.

இடம்: அக்ரிங்டன்
நாள்: 12 ஜூன் 2025

இப்படிக்கு,
தங்கள் விசாரணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ஜனீன் ஓலரன்ஷா

இணைப்பு: கடன் அறிக்கை நகல், நிறுவனத்தின் இறுதிப் பதில், காசோலை, பணியிட முகவரி.