ஓரக் கற்றை

அன்புள்ள அப்பாவுக்கு, நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன், கவலைப்படாதீர்கள். உங்கள் முதுகுவலி குறைந்ததா?

இன்று கண்காட்சிக்காகப் பள்ளி வராந்தாவின் இரு முனைகளிலும் ஆன்டெனாக்களை நேருக்கு நேர் திருப்பினோம். அதிலிருந்து போகும் ரேடியோ அலைக் கற்றை மிக ஒல்லியானது. சற்று விலகினாலும் சிக்னல் போய்விடும். சிக்னலை அளக்கும் மீட்டரின் முள் கொஞ்சம் ஏறியதுமே குழுத்தலைவி ஆன்டெனாவை அப்படியே நிறுத்தத் திருகாணியை முடுக்கப் போனாள். அது ஓரத்தில் கசியும் கற்றை, நடுக்கற்றை இன்னும் தள்ளியிருக்கிறது என்றேன்.

"பெரிய விஞ்ஞானி! கையை எடுடி."

நான் எடுக்கவில்லை, ஆன்டெனாவைத் திருப்பினேன். முள் விழுந்தது.

"கெடுத்துட்டா! இவ எங்க குழுவுல வேண்டாம் மிஸ்!"

இன்னும் திருப்பினேன். முள் கடைசிவரை ஏறியது. மிஸ் என்னை நீக்கவில்லை. ஆனால் விடுதியில் என் அறைத்தோழிகளும் அதே குழுவினர்தான், ஒருத்தியும் என்னோடு பேசவில்லை.

ஒரு டார்ச் அனுப்புங்கள், இந்தக் கடைசி வரிகளை ஜன்னல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மாவையும் நாலு வரி எழுதச் சொல்லுங்கள். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே குழுத்தலைவி விளக்கை அணைத்துவிட்டாள்.