உறைபனியில் உறங்கும் சம்பந்திக்கு

சம்பந்தி,

இன்றைக்குச் செங்கல்பட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸில், திருக்கழுக்குன்றம் தாண்டியதும் யாரோ ஒரு பெண் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூட்டுக்குத் தேய்க்கிற தைலத்தின் வாசனை. அதற்கு அடியில் லேசாகக் கருவாட்டு வாசனை. இந்த இரண்டும் சேர்ந்தால் உலகத்தில் நீ ஒருத்திதான். ஜன்னலைப் பார்த்தபடியே, "நகந்து குந்துமே, காத்து வரட்டும்" என்று நீ சொல்வதற்காகக் காத்திருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வேறு யாராகவோ ஆகிவிடுவாள். பூஞ்சேரியில் அவள் இறங்கிப் போன பிறகும் அந்த வாசனை மட்டும் வீடுவரை என்னோடு வந்தது.

வந்ததோ வந்தாய், பிள்ளைகள் சேதி கேட்காமல் போகமாட்டாய். சொல்கிறேன். கல்பாக்கத்தில் கான்ட்ராக்டில் இருந்த உன் மூத்த பேரனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. வேலைக்காரர்களை ஏற்றிப்போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறான். சின்னவன் அலைமேல் பலகை போட்டு நின்று கோப்பை வாங்கினான். பலகையில் நின்றதற்கா கோப்பை என்று கேட்பாய், நானும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே நம் பவானி. உன் மகன் ஏழுமலைக்கும் என் மகள் தேவிக்கும் பிறந்ததில் அவள்தானே மண்ணைத் தின்றுகொண்டு கேள்வி கேட்டவள். அவள் பேருக்கு முன்னால் டாக்டர் என்று வந்துவிட்டது. ஊசி போடுகிற டாக்டர் இல்லை. நோய் ஏன் வருகிறது என்று ஆராய்கிற டாக்டர். அவள் ஆராய்வது உன் நோயை.

ஐந்தாவது வரை ஒரே பாயில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆன அன்று, நாலு பேர் முன்னால் "வாங்க சம்மந்தி" என்று ஒருத்திக்கு ஒருத்தி மரியாதை கொடுத்துவிட்டு, பந்தலுக்குப் பின்னால் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். உன் விரல்கள் அப்போதே காலையில் மடங்க மறுத்தன. ஐஸில் கை வைத்து மீன் எடுக்கிறவளுக்கு வந்த வாதம் என்றது ஊர். நாமும் அப்படித்தான் நம்பினோம். உச்சி வெயிலில் படகின் நிழலை விட்டுத் தள்ளி உட்கார்ந்து, சுடுகிற மணலில் மணிக்கட்டு வரை இரண்டு கைகளையும் புதைத்துக்கொள்வாய். நான் மேலே மேலே மணலை அள்ளிப் போடுவேன். கண்ணை மூடிக்கொள்வாய். கடல் எங்கேயோ தூரத்தில் பேசுகிற மாதிரி இருக்கும். "இப்டியே வுட்டுடுமே, வேர் புடிச்சிக்கறேன்" என்பாய். அந்த மத்தியானங்களுக்கு முடிவே இருந்ததாக எனக்கு நினைவில்லை.

லீவில் வந்த பவானிதான் ஒருநாள், நாம் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது, எதிரில் குந்திக்கொண்டு சொன்னாள்.

"ஐஸும் இல்ல, உப்பும் இல்ல ஆயா. ஒடம்புல காவக்காரங்க மாதிரி செல்லுங்க கீது. வெளிய இருந்து கிருமி வந்தா அடிக்கணும். ஒனக்கு அதுங்க சொந்த வூட்டையே அடிச்சிகினு கீது. அதான் மூட்டெல்லாம் வீங்குது."

"கண்ணு தெரியாத கஸ்மாலங்க" என்றாய் நீ.

"போதும், நிறுத்துன்னு சொல்றதுக்கும் வேற செல்லுங்க கீது. ஒனக்கு அதுங்க சொல்றது எடுபடல. ஏன் எடுபடலன்னுதான் நான் பாக்கறேன்."

நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். "நம்ம சம்மந்தி மாதிரின்னு சொல்லு. கத்தினே கீறா, வூட்ல எவன் கேக்கறான்?"

அந்த வாரமே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்கச் சம்மதம் கேட்டு, கைநாட்டு வைக்க மை டப்பாவை நீட்டிய நர்ஸிடம், "நான் அஞ்சாவது படிச்சவ, பேனா குடு" என்றாய். வளைந்த விரல்களுக்கு நடுவே பேனாவைச் செருகி, படகு ஆடுகிற மாதிரி ஆடி ஆடிக் கையெழுத்துப் போட்டாய். பிறகு பவானியிடம் கையை நீட்டி, "எட்த்துக்கோ. மீன் கழுவன தண்ணி கணக்கா கொட்டிடாத" என்றாய். மாத்திரை ஆரம்பிக்கும் முன் ஒருமுறை, மாத்திரை வேலை செய்தபிறகு ஒருமுறை எடுத்தார்கள். நடுவில் உன் விரல்கள் கொஞ்சம் மடங்கிக்கொடுத்தன. என் தலையை நீ பின்னிவிட்டது அப்போதுதான்.

அப்புறம் நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சலோடு போய்விட்டாய். ஏழுமலை மொட்டை போட்டுக்கொண்டு உன் சாம்பலைக் கடலில் விட்டான். காரியம் முடிந்து வீட்டில் சோறு போட்டபோது, ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துப் பவானி அந்தச் சேதியைச் சொன்னாள்: உன் ரத்தத்தில் இருந்த செல்கள் அவள் வேலை பார்க்கிற இடத்தில் உறைபனியில் தூங்குகின்றன, வெளியே எடுத்துச் சூடு காட்டினால் விழித்துக்கொள்ளும்.

ஏழுமலை கையை உதறிவிட்டான். "உசிரோடயா?"

"செல்லுக்கு உசிர் கீது நைனா. ஆயா இல்ல."

"பாதி அம்மாவ கடல்ல அனுப்பிட்டு, மீதிய ஐஸ் பொட்டில பூட்டி வெச்சிகீறீங்களா? அப்பறம் நான் பண்ணது இன்னா காரியம்? அம்மா எங்கன்னு போய் நிக்கும்?"

குடும்பம் வேண்டாம் என்றால் அழித்துவிடுவார்கள் என்றாள் அவள். "அழிக்கட்டும்" என்றான். மாத்திரைக்கு முன்னும் பின்னும் எடுத்த அந்த ரத்தம் போனால் மறுபடி கிடைக்காது என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் அவள் வாதாடவில்லை. "நைனா சொன்னா எழுதிக் குடுத்துடறேன்" என்று எழுந்து போனாள். இலையில் சோறு அப்படியே இருந்தது. நான் யார் பக்கம் பேசுவது, சொல்? உன்னை முழுசாக அனுப்பிவைக்கத் துடித்தான் உன் மகன். உன்னைக் கொஞ்சமாவது பிடித்துவைக்கத் துடித்தாள் உன் பேத்தி. இரண்டு பேருக்கும் உன் மூக்கு.

பவானி வேலை பார்க்கிற ஊருக்குக் கிளம்பிய காலையில் கரையில் பெரிய வலை இழுத்தார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அப்பாவிடம் சொல்லிக்கொண்டு போக அவளும், துணைக்கு நானும் மணலில் நின்றோம். புகை மாதிரி ஒரு பனி. கயிறு பிடித்தவர்கள் கனவில் நடப்பவர்கள் மாதிரி பின்னால் பின்னால் நடந்து வந்தார்கள். மீன் சேர்ந்த பை கடைசியில்தான் கரைக்கு வரும். அதைத்தான் மடி என்போம். மடி ஏறும் வரை, கை வைத்தவர் கயிற்றை விடுவது நம் கரையில் வழக்கமில்லை. ஒருத்தன் போன் வந்ததென்று விட்டுவிட்டான்.

"டேய்! மடி ஏறல, அதுக்குள்ள எவன்டா கயித்த வுட்டது?" ஏழுமலையின் சத்தம் உன் சத்தம் மாதிரியே இருந்தது.

"ரெண்டு நிமிசம் அண்ணாத்த..."

"கை வெச்சல்ல? ஏறனப்பறம் போ!"

சொன்னவன் அப்படியே நின்றுவிட்டான். கயிறு தோளில். பார்வை மகள்மேல். பிறகு இழுத்தான். மடி கரையேறி, மீன் துள்ளி அடங்கிய பிறகு ஈரத்தோடு எங்களிடம் வந்தான்.

"அம்மா கை வெச்ச வேல முடிஞ்சிடுச்சா?"

"இல்ல நைனா. இன்னும் பாதிகூட வரல."

மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். "நடுவுல நான் கயித்த வாங்கி வுட்டா, அம்மா என்னைக் கீய்ச்சிடும். இருக்கட்டும். முடிஞ்சா சொல்லு. நான் ஒரு தபா கடலுக்குப் போய் சொல்லிட்டு வந்துடறேன்."

கயிறு பிடித்தவர்களுக்குக் குழம்புக்கு மீன் பிரித்தபோது, தன் பங்குக்குப் பக்கத்தில் இன்னொரு கூறு வைக்கச் சொன்னான். அது உன் பங்கு. அதைப் பவானிதான் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அவள் ஊருக்குப் போகவில்லை. எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மருந்து கண்டுபிடித்துவிட்டாளா என்றால், இல்லை. எப்போது என்று அவளுக்கே தெரியாது. ஆனால் போன வாரம் உன்னில் கொஞ்சம் எடுத்து எழுப்பியிருக்கிறாள். விழித்துக்கொண்டாயாம். சாயம் போட்டு, பூதக்கண்ணாடி வழியாகப் படம் பிடித்து என் போனுக்கு அனுப்பினாள். கறுப்பில் பச்சைப் பச்சையாய்ப் புள்ளிகள், நடுவே ஒன்றிரண்டு சிவப்பு. சிவப்புதான் "போதும்" என்று சொல்கிறவையாம். "ஆயா, இது யாருன்னு தெரியுதா?" என்று கீழே எழுதியிருந்தாள். போனை ஏழுமலையிடம் கொடுத்தேன். கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் எளைச்சிட்டாப்ல கீது" என்றான். எத்தனையோ நாளுக்குப் பிறகு என் மகள் சிரித்தாள்.

போனவர்களுக்கெல்லாம் இருக்கிற படம்தான் கடைசிப் படம், சம்பந்தி. உனக்கு அப்படியில்லை. அடுத்தமுறை உன்னை எழுப்புகிற அன்று இன்னொன்று எடுக்கச் சொல்லியிருக்கிறேன். போனில் வேண்டாம், அது விரல் பட்டால் ஓடிவிடுகிறது. கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி அச்சுப் போட்டு, என் பேருக்குத் தபாலில் அனுப்பச் சொன்னேன். நீயும் தூக்கக் கலக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், நல்லதாக ஒரு புதுப் படத்துக்கு நின்று அனுப்பிவை.